நெஞ்சு வலி வந்தால் ‘பெரிய ஹார்ட் டாக்டர்’ யாருன்னு தேடலாமா? முதலில் நடக்க வேண்டியது என்ன?

நெஞ்சு வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னதும் வீட்டில் முதலில் வருவது சோடா, ஓமத் தண்ணி, இல்லைன்னா இஞ்சிச் சாறு. அதற்கும் அடங்கவில்லை என்றால், “யாராவது நல்ல ஹார்ட் டாக்டர் தெரியுமா?” என்று நாலு பேருக்கு போன் போகும். போன் பேசி முடித்து, கார் பிடித்து, 40, 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு, மூன்று மணி நேரம் ஓடிவிடும். அங்கே இருக்கும் இதய மருத்துவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அந்த நேரத்தில் செத்துப்போன இதயத் தசையை அவரால் மீட்க முடியாது.

டாக்டரின் அனுபவம் முழுசாகப் பயன்பட வேண்டும் என்றால், நோயாளி அவர் முன்னால் வருவதற்கு முன்பே சில வேலைகள் நடந்திருக்க வேண்டும். அவை என்ன? தமிழ்நாட்டில் அதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது? வீட்டில் இருப்பவர்கள் எதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? பார்க்கலாம்.

மாரடைப்பின்போது உள்ளே என்ன நடக்கிறது?

உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்பும் இதயத்துக்கும் ரத்தம் தேவை. அதைக் கொண்டு வருபவை கரோனரி ரத்தக் குழாய்கள். வருடக்கணக்கில் இந்தக் குழாய்களின் உள்சுவரில் கொழுப்பு படிந்துகொண்டே வரும். ஒரு நாள் அந்தப் படிவு வெடித்தால், காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைவதுபோல அங்கேயும் ரத்தம் உறைந்து கட்டியாகும். கட்டி குழாயை முழுசாக அடைத்துவிட்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசைக்கு ஆக்சிஜன் நின்றுபோகும். அரை மணி நேரத்துக்குள்ளேயே தசை சாகத் தொடங்கி, அடுத்தடுத்த மணி நேரங்களில் பாதிப்பு பரவிக்கொண்டே போகும்.

“போன மாசம்தான் ஃபுல் செக்கப் பண்ணினேன், எல்லாம் நார்மல்” என்று சொன்னவருக்கும் மாரடைப்பு வருவது இதனால்தான். பாதிகூட அடைக்காத சின்னப் படிவும் திடீரென்று வெடிக்கலாம். டிரெட்மில் சோதனையில் அது தெரியாமல் போக வாய்ப்பு உண்டு.

நமக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தரவுகளை வைத்து 2007-ல் வெளியான ஒரு கட்டுரை, இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்று சொன்னது. மற்ற நாடுகளில் அது கிட்டத்தட்ட 59. பிள்ளைகள் படிப்பை முடிக்கும் முன்பே, வீட்டுக் கடன் கட்டி முடிக்கும் முன்பே குடும்பத்தின் சம்பாத்தியத்தில் கைவைக்கும் நோய் இது.

கேஸா, ஹார்ட்டா? வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல அழுத்தம், இடது கை, தாடை, முதுகு வரை பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குதல் ஆகியவை பலருக்கும் தெரிந்த அறிகுறிகள். ஆனால் எல்லோருக்கும் இப்படித்தான் வரும் என்று சொல்ல முடியாது. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள் ஆகியோருக்கு மேல் வயிற்றில் எரிச்சல், வாந்தி, காரணமே தெரியாத அசதி என்றுகூட வரலாம். சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் மாரடைப்பு என்று நினைத்துக் காத்திருப்பது ஆபத்து.

அனுபவமுள்ள இதய மருத்துவரே ஈசிஜி பார்க்காமல் “இது கேஸ்தான்” என்று சொல்லிவிட மாட்டார். அப்படியிருக்க, பக்கத்து வீட்டுக்காரர் எப்படிச் சொல்ல முடியும்?

ஈசிஜியில் டாக்டர் எதைப் பார்க்கிறார்?

இதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடாகப் பதிவு செய்வதுதான் ஈசிஜி. எடுக்க சில நிமிடங்கள் போதும். அந்தக் கோட்டில் ‘எஸ்டி’ என்று அழைக்கப்படும் ஒரு பகுதி வழக்கத்தைவிட மேலே தூக்கியிருந்தால், ஒரு முக்கியமான ரத்தக் குழாய் முழுசாக அடைபட்டிருக்கலாம் என்று அர்த்தம். இந்த வகை மாரடைப்பை மருத்துவர்கள் ‘ஸ்டெமி’ என்கிறார்கள். ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாத வகை இது. அதனால்தான் நெஞ்சு வலியோடு வருபவருக்கு, வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள்.

முதல் ஈசிஜி நார்மலாக இருந்தால் வீட்டுக்குப் போய்விடலாமா? வலி தொடர்ந்தால் கூடாது. சிலருக்கு மாற்றம் சற்று நேரம் கழித்துத்தான் தெரியும். அதனால் ஈசிஜியைத் திரும்ப எடுப்பார்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ‘ட்ரோபோனின்’ அளவையும் பார்ப்பார்கள். அந்த அளவு ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனையும் இரண்டாவது முறை தேவைப்படலாம். “ஒரே டெஸ்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பில் போடுறாங்க” என்று இதில் சந்தேகப்பட வேண்டியதில்லை.

பலூனா, ஊசியா?

அடைப்பைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஆஞ்சியோபிளாஸ்டி. மணிக்கட்டு அல்லது தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பு இருக்கும் இடத்தில் பலூனை விரித்து, பெரும்பாலும் ஒரு ஸ்டென்ட்டையும் வைப்பார்கள். 1977-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் என்ற மருத்துவர் முதன்முதலில் இதயக் குழாய்க்குச் செய்த சிகிச்சை இது. ஸ்டெமிக்கு இதுவே சிறந்த சிகிச்சை. ஆனால் இதற்கு கேத் லேப் வேண்டும், அதை இயக்கும் குழு வேண்டும். முக்கியமாக, நேரத்துக்குள் நடக்க வேண்டும்.

ஈசிஜியில் ஸ்டெமி என்று தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்க வாய்ப்பில்லை என்றால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட வேண்டும் என்பது மருத்துவ விதி. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் போன்ற மருந்துகள் இந்த வகை. வலி தொடங்கி முதல் சில மணி நேரத்தில் போட்டால் பலன் அதிகம். நேரம் போகப் போக பலன் குறையும். மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டவர்கள், அண்மையில் பக்கவாதம் வந்தவர்கள் போன்ற சிலருக்கு இந்த ஊசி போட முடியாது. அதை டாக்டர் கேட்டுத் தெரிந்துகொள்வார். பழைய நோய்களை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது இதற்காகத்தான்.

“சின்ன ஆஸ்பத்திரியில் ஊசியைப் போட்டு நேரத்தை வீணடிச்சுட்டாங்க” என்று பல குடும்பங்கள் பின்னால் வருத்தப்படுவதுண்டு. உண்மையில், கேத் லேப் தூரத்தில் இருந்தால் அந்த ஊசிதான் தசையைக் காப்பாற்றியிருக்கும். அதேபோல, ஊசி போட்டு வலி நின்றதும் வீட்டுக்குத் திரும்புவதும் தவறு. அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் எடுத்து, குழாய் சரியாகத் திறந்திருக்கிறதா, ஸ்டென்ட் தேவையா என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு என்ன செய்து பார்த்தது?

கேத் லேப் இல்லாத ஊரில் மாரடைப்பு வந்தவரை எப்படிக் காப்பாற்றுவது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் கோவையைச் சேர்ந்த இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையைச் சேர்ந்த இதய மருத்துவர் அஜித் முல்லாசாரி ஆகியோர் முக்கியமானவர்கள். முதலில் கோவை, ஈரோடு பகுதியில் முன்னோட்டமாக ஒரு முயற்சி நடந்தது. அடுத்து 2012-ல் தமிழ்நாடு ஸ்டெமி திட்டம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது.

யோசனை எளிமையானது. கேத் லேப் உள்ள 4 பெரிய மருத்துவமனைகள் மையங்கள். அவற்றைச் சுற்றி 35 சிறிய மருத்துவமனைகள். சிறிய மருத்துவமனையில் எடுக்கும் ஈசிஜி மையத்தில் இருக்கும் இதய மருத்துவருக்குப் போகும். ஊசியா, உடனே மாற்றுவதா என்று அவர் சொல்வார். ஊசி போட்டவர்களையும் ஆம்புலன்ஸில் மையத்துக்கு அழைத்து வந்து ஆஞ்சியோகிராம் செய்வார்கள். சுருக்கமாகச் சொன்னால், நோயாளி வந்து சேரும் வரை காத்திருக்காமல் இதய மருத்துவரின் முடிவு முதலிலேயே நோயாளியிடம் போய்ச் சேர்ந்தது.

2,420 நோயாளிகளை வைத்து நடந்த இந்த ஆய்வின் முடிவு 2017-ல் ‘ஜாமா கார்டியாலஜி’ இதழில் வெளியானது. திட்டத்துக்கு முன் 35 சதவீதம் பேருக்குத்தான் ஆஞ்சியோகிராம் நடந்தது. திட்டத்துக்குப் பின் அது 60.8 சதவீதமானது. மருத்துவமனையில் இருக்கும்போது நேரும் இறப்பு விகிதத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. அதாவது நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். இதற்காகப் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருத்துவமனைகளும் ஆம்புலன்ஸ்களும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன, அவ்வளவுதான்.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன கிடைக்கும்?

2023-ல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது துணை சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகள் ஒரே தடவையாகக் கொடுப்பார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. முதல் இரண்டும் ரத்தக் கட்டி மேலும் பெரிதாவதைத் தடுப்பவை. மூன்றாவது கொழுப்புப் படிவைக் கட்டுப்படுத்துவது. “இத்தனை மாத்திரையா?” என்று பயப்பட வேண்டாம். முதல் டோஸ் அதிகமாகத்தான் இருக்கும்.

இதை வீட்டில் நாமாகவே செய்து பார்க்கக் கூடாது. குறிப்பாக, பர்ஸில் வைத்திருக்கும் ‘சார்பிட்ரேட்’ மாத்திரையை அடுத்தவர் நாக்கின் அடியில் வைத்துவிடும் பழக்கம். அது வலியைக் குறைக்கலாமே தவிர அடைப்பைக் கரைக்காது. ஏற்கெனவே ரத்த அழுத்தம் குறைந்திருப்பவருக்கு அதை இன்னும் குறைத்து மயங்கி விழ வைத்துவிடும். அவரவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், அவர் சொன்ன அளவில் மட்டும் பயன்படுத்தலாம்.

செலவுக்கு என்ன வழி?

2017 பிப்ரவரிக்கு முன் ஒரு ஸ்டென்ட்டுக்கே லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்கள் உண்டு. அந்த மாதம் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் விலைக்கு வரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய் என்று வரி நீங்கலாக நிர்ணயிக்கப்பட்டது. அதன் பிறகு இந்த வரம்பு அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. பில்லில் ஸ்டென்ட்டின் பெயரும் விலையும் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நோயாளியின் உரிமை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ் அறுவை சிகிச்சை இரண்டுக்கும் வழி உண்டு. நெஞ்சு வலி வந்த பிறகு பீரோவில் அட்டையைத் தேடுவதைவிட, இப்போதே எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு?

ஸ்டென்ட் வைத்தாச்சு, நோய் போயாச்சு என்பது தவறான எண்ணம். ஸ்டென்ட் ஒரு இடத்து அடைப்பைத் திறக்கிறது. குழாயில் கொழுப்பு படியும் தன்மை அப்படியேதான் இருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளைப் பெரும்பாலும் ஓராண்டுக்குச் சேர்த்துச் சாப்பிடச் சொல்வார்கள். நடுவில் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடியும் மாரடைப்பு வரலாம். பல் பிடுங்க வேண்டும் என்றால்கூட, மாத்திரையை நிறுத்தலாமா என்று இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்து, “பம்பிங் 60 சதவீதம்தான் இருக்காம்” என்று கலங்குபவர்கள் நிறைய. அது நார்மல் அளவு. ஆரோக்கியமான இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தம் முழுவதையும் வெளியேற்றாது. 55 முதல் 70 சதவீதம் வரை இருந்தால் நல்லது. 40-க்குக் கீழே போனால்தான் இதயம் பலவீனமாகிவிட்டது என்று பொருள். நேரத்தோடு அடைப்பு திறக்கப்பட்டவருக்கும் தாமதமாக வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் பல நேரங்களில் இந்த எண்ணில்தான் தெரியும். ஒருவர் பழையபடி வயல் வேலைக்குப் போவார். இன்னொருவருக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும்.

இன்றைக்கே செய்து வைக்க வேண்டியவை

* ராத்திரி 2 மணிக்கும் ஈசிஜி எடுக்கக்கூடிய பக்கத்து மருத்துவமனை எது என்று விசாரித்து வையுங்கள்.
* கேத் லேப் உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று தெரிந்து வையுங்கள்.
* வலி வந்தவர் தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது, மாடிப்படி இறங்கவும் விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.
* வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வையுங்கள். பலூனா, ஊசியா என்று முடிவெடுக்க டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.
* சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, பழைய ஈசிஜி, காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே கவரில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.