ஆவாரையும் உண்ணியும் ஒரே வேலியில்

ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாக இறங்கினால் போதும், மதுரையைச் சுற்றியுள்ள பொட்டல்கள் நிறம் மாறிவிடும். கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரம், நாகமலைச் சரிவு, யானைமலையை ஒட்டிய புறம்போக்கு, வண்டியூர்க் கண்மாய்க் கரை என்று எங்கே நின்றாலும் காலடியில் ஏதோ ஒன்று பூத்திருக்கும். கணக்கில் 'தரிசு' என்று எழுதப்பட்ட நிலத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது. உழாத, கட்டடம் எழாத நிலம் என்றால் அது சும்மா கிடக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அந்த நினைப்பை மாற்ற ஒரு காலைநேரம் குனிந்து பார்த்தாலே போதும்.

காலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புல்லோடு புல்லாகப் படர்ந்திருக்கும் விஷ்ணுகிராந்தியின் நீலப்பூ குறுக்களவில் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. வெயில் ஏறினால் சுருங்கிவிடும். மதியம் போகிறவர் கண்ணில் வெறும் சாம்பல் பச்சை இலைதான் படும். அதே தரையில் ஓரிதழ் தாமரையும் இருக்கும். பெயர் ஒற்றை இதழைச் சொன்னாலும் பூவுக்கு ஐந்து இதழ்கள். நான்கு மிகச் சிறுத்து ஒளிந்துகொள்ள, ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாக விரிந்து நிற்கிறது. இவற்றோடு தும்பையும் நெருஞ்சியும் சேர்ந்துகொண்டால் மலை ஏறாமலேயே அரை நாள் போய்விடும்.

ஆனால் இந்த நிலத்தின் அடையாளம் ஆவாரைதான். பொங்கலுக்குக் காப்புக் கட்ட, கண்ணுப்பிள்ளையோடும் வேப்பிலையோடும் சேர்த்து மதுரைத் தெருக்களில் கட்டுக் கட்டாக வந்து இறங்கும் பூ அது. வீட்டு வாசலில் செருகியதோடு நிறுத்தாமல் ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மகரந்தத்தாள் பத்தும் ஒரே அளவில் இருக்காது. மேலே மூன்று வெறும் பேருக்கு இருப்பவை, அவற்றில் மகரந்தம் இல்லை. கீழே மூன்று நீண்டு வளைந்திருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தமே விருந்து. அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு திறப்பின் வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு என்று ஊரில் சொல்கிற தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். அந்த அதிர்வில் தூள் உதிரும். செடிப் பக்கத்தில் நின்றால் வண்டின் பறக்கும் ரீங்காரம் திடீரென்று கூர்மையான ஒலியாக மாறுவது காதில் விழும்.

ஆவாரைக்குத் தோற்றத்தில் நெருங்கிய உறவுகள் பல. அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்த பேயாவாரையும் மஞ்சளாகத்தான் பூக்கும். பூவை விட்டுவிட்டு இலைக்காம்பு தண்டில் சேருமிடத்தைப் பாருங்கள். காதுமடல் வடிவில் அகன்ற இலையடிச் செதில்கள் இருந்தால் அது ஆவாரை. காயும் காட்டிக்கொடுக்கும்: ஆவாரங்காய் தாள் மாதிரித் தட்டையாக இருக்கும், பேயாவாரையின் காய் ஒடுங்கி, சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். செடியை அறிய விரும்புகிறவர்கள் பூவை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வருவதுதான் பெரிய குறை. இலை, காம்படி, காய் மூன்றும் இல்லாத படத்தை வைத்துக் கைபேசிச் செயலிகள் சொல்லும் பெயரை நம்பக் கூடாது.

ஆவாரை நிற்கும் வேலியில் அதற்குப் பக்கத்திலேயே உண்ணிச்செடியும் நிற்கும். 1800களின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, நாடெங்கும் பரவிய அமெரிக்கச் செடி. அதன் பூங்கொத்து உண்மையிலேயே அழகு, அதை மறுக்க வேண்டியதில்லை. கொத்தின் நடுவில் புதிதாக விரிந்த பூக்கள் மஞ்சளாக இருக்கும், தேன் அவற்றில்தான். மகரந்தச் சேர்க்கை முடிந்த பூக்கள் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் மாறும், ஆனால் உதிராமல் நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கும் பட்டாம்பூச்சிக்குக் கொத்து பெரிதாகத் தெரியும். கிட்டே வந்ததும் அது மஞ்சளை மட்டும் தேர்ந்தெடுக்கும். நம் மாநில மலரான செங்காந்தளும் இப்படி நிறம் மாறுவதுதான்: பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி முழுச்சிவப்பில் முடியும். கார்த்திகையில் புதர் வேலிகளில் இலைநுனியால் பற்றி ஏறிப் பூத்திருப்பதைப் பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், கிழங்கு கொடிய நஞ்சு.

உண்ணியின் கருநிறப் பழத்தைத் தின்னும் மைனாவும் கொண்டைக்குருவியும் விதையைக் கொண்டுபோய் எங்கும் போடுகின்றன. இலையோ ஆடுமாடுகளுக்கு நஞ்சு. மேய்ச்சல் தொடாத செடி அடர்ந்து மண்டும்போது, விஷ்ணுகிராந்திக்கு வேண்டிய திறந்த வெளிச்சம் போய்விடுகிறது. கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

வெளியூர்ச் செடி எல்லாமே பகை என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மஞ்சள் நடுவட்டம், சுற்றிலும் நுனியில் மூன்று பற்கள் கொண்ட வெளிர் இதழ்கள், நீண்ட ஒற்றைக் காம்பு. பாதையோரம் எங்கும் இருக்கிறது, சிறு பட்டாம்பூச்சிகளுக்குத் தேன் தருகிறது, பெரிதாக யாரையும் துரத்துவதில்லை. பார்த்தீனியம் அப்படியல்ல. 1950களில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்ட அது இன்று மதுரையின் காலிமனைகளில் எல்லாம் இருக்கிறது. கேரட் இலை போன்ற இலை, ஐந்து மூலை கொண்ட குட்டி வெள்ளைப்பூ. தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தருவதோடு, ஒவ்வொரு செடியும் ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். 1984இல் பெங்களூருவில் மெக்சிகோ வண்டு ஒன்றை இதன்மேல் விட்டார்கள். வண்டு இலையைத் தின்கிறது, செடி இன்னும் ஒழிந்தபாடில்லை.

பூச்சி வைத்தியம் எப்போதும் தோற்பதில்லை. சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் தென்னகச் சமவெளியை அடைத்துக் கிடந்தது. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட, வெண்பஞ்சு போர்த்திய செதில்பூச்சி சில ஆண்டுகளிலேயே அதை அடக்கிவிட்டது. இன்றும் மிச்சமிருக்கும் கள்ளியில் அந்த வெண்பஞ்சைக் காணலாம். நசுக்கினால் விரலில் சிவப்புச் சாயம் ஒட்டும்.

சீமைக்கருவேலத்துக்கு அப்படி ஒரு பூச்சி வாய்க்கவில்லை. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. கண்மாய்களில் ஜே.சி.பி. இறங்கியது. ஆனால் வேரடி தங்கிய இடத்தில் மரம் மறுபடி துளிர்த்தது. வெட்டுவதைப் பற்றிப் பேசிய அளவுக்கு வெட்டிய இடத்தில் என்ன வளர வேண்டும் என்று நாம் பேசவில்லை. வெறுமையாக விட்ட மண்ணில் முதலில் வந்து குடியேறுவது பார்த்தீனியம்தான். அந்த இடத்துக்கு உரிய ஆவாரையும் நாட்டுக் கருவேலும் எங்கிருந்து விதையாக வரும்? தொடாமல் விட்ட புறம்போக்கிலிருந்துதான்.

அதனால்தான் அரிட்டாபட்டி முக்கியம். 2022 நவம்பரில் மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் பரப்பு தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை, ஊர்மக்களின் போராட்டத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது. பாறைக் குன்று, சுனை, கண்மாய், இடைப்பட்ட புதர்க்காடு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்த வெற்றி அது.

இந்த மழைக்காலத்தில் உங்கள் தெருக்கோடிக் காலிமனையிலிருந்தே தொடங்கலாம். எருக்கைக் களை என்று வெட்ட வேண்டாம். வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு அதன் இலையில் வளர்கிறது. பார்த்தீனியத்தைப் பூ வைக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். தை மாதம் வாசலில் காய்ந்துபோன ஆவாரங்கொத்தில் காய் இருந்தால் விதையை எடுத்து, பிடுங்கிய இடத்தில் தூவி விடலாம். விதைத்தோல் கடினம். மணலில் லேசாகத் தேய்த்துப் போட்டால் முளைப்பு கூடும்.