வினிகரில் போட்ட கிளிஞ்சல்



விடுமுறை விவிலியப் பள்ளியில் படைப்பைப் பற்றிப் பேசிய நாளன்று, இரண்டு கண்ணாடிக் குவளைகளை மேசைமேல் வைத்தேன். ஒன்றில் கடல்நீர், மற்றதில் வினிகர். இரண்டிலும் ஆளுக்கொரு கிளிஞ்சலைப் போடச் சொன்னேன். வினிகரில் கிடந்த கிளிஞ்சலிலிருந்து குமிழிகள் கிளம்பின. மீனவச் சிறுவன் ஒருவன் கேட்டான்: "சாமி, நம்ம கடலும் இப்படி ஆயிடுமா?"

பிள்ளைகளைப் பயமுறுத்தி அனுப்புவது எளிது. உண்மையைச் சொல்லி அனுப்புவதே கடமை. கடல் வினிகராக மாறாது. அது இன்றும் சற்றுக் காரத்தன்மை உள்ளதுதான். தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த அதன் பி.எச். அளவு இப்போது சுமார் 8.1. வித்தியாசம் சிறிதாகத் தோன்றினாலும், அமிலத்தன்மை ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

காரணம் என்ன? நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வெளிவரும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உள்வாங்குகிறது. சோடாவில் சுரீரென்று நாக்கைத் தொடும் புளிப்பு, தண்ணீரில் கரைந்த அதே வாயுவால் வருவதுதான். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது நம் ஊர்களில் தெரிந்த தொழில். சிப்பி, சங்கு, பவளம் எல்லாம் தங்கள் கூட்டைக் கட்டும் பொருள் அது கிடைக்கும் சுண்ணாம்புச் சத்தே. அமிலத்தன்மை கூடும்போது கடல்நீரில் அந்தச் சத்து குறைகிறது. சுண்ணாம்பு கிடைக்காத கொத்தனார் நிலைமைதான் அவற்றுக்கும்.

முதலில் அடிபடுவது குஞ்சுகள். 2005-க்குப் பின் வந்த ஆண்டுகளில், அமெரிக்காவின் ஓரகன், வாஷிங்டன் கடற்கரையில் உள்ள பொரிப்பகங்களில் சிப்பிக் குஞ்சுகள் பெருமளவில் செத்தன. பிறந்த முதல் இரண்டு நாள்களுக்குள் ஓட்டைக் கட்ட அவற்றால் முடியவில்லை. ஆழத்திலிருந்து மேலெழுந்த அமிலத்தன்மை மிகுந்த நீரே காரணம் என்று பிறகு கண்டார்கள். தொட்டி நீரில் சலவைச் சோடாவின் வகையைச் சேர்த்து ஓரளவு சமாளித்தார்கள். தொட்டிக்குச் செய்யலாம்; கடலுக்குச் செய்ய முடியுமா? மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி மீன்கள் அண்டி வாழும் பவளப்பாறைகளும் இதே சுண்ணாம்பால் ஆனவையே.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடற்கரையில் குப்பை பொறுக்குவது நல்ல செயல். ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தல்ல. மருந்து, புகையைக் குறைப்பதில் இருக்கிறது. அது பிள்ளைகளைவிடப் பெரியவர்களாகிய நம் கையிலும், அரசுகளின் கையிலும் இருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலின் 24-ஆம் பத்தியில் கடல் அமிலமாவதையும் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தச் சிறுவனிடம் சொன்னேன்: "கடல் வினிகர் ஆகாது தம்பி. ஆனால் அதன் குஞ்சுகளுக்கு வீடு கட்டுவது கஷ்டமாகிக்கொண்டு வருகிறது." அவன் கடல்நீர்க் குவளையிலிருந்த கிளிஞ்சலை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சிந்திப்போம்: அவன் வளர்ந்து வலை வீசும் கடலை எந்த நிலையில் ஒப்படைக்கப்போகிறோம்?