முதலில் உச்சியைக் கண்டுபிடியுங்கள்

1.6 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ஜினில் டர்போ ஏறிவிட்டது. என்ஜினை இயக்கும் கணினியான பழைய ஈசியூ கழன்று, லேப்டாப்பால் திருத்தக்கூடிய புது ஈசியூ உட்கார்ந்துவிட்டது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு நினைவூட்டல் போதும். இந்த வாரம் நாக்கிங்கைப் பற்றி, அதாவது என்ஜின் தட்டுவதைப் பற்றி, எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் இத்தனை டிகிரியில் தட்டுகிறது, இத்தனை டிகிரி குறைத்தால் நிற்கிறது என்றெல்லாம் நாக்கிங்கைப் பற்றிப் பேசும் எண்கள் எல்லாமே வேறோர் எண்ணை நம்பித்தான் நிற்கின்றன. அதைத் தீர்க்காமல் மேலே போவது சரியல்ல.

பெட்ரோல் கலவை பற்றவைத்த நொடியிலேயே எரிந்து முடிவதில்லை. பிளக்கின் முனையில் பிறந்த தீ சிலிண்டர் முழுக்கப் பரவ நேரம் எடுக்கும். பிஸ்டன் உச்சியைத் தொட்டுத் திரும்பி, கிராங்க் சுமார் 15 டிகிரி சுழன்ற இடத்தில் அழுத்தம் உச்சத்துக்கு வந்தால்தான் கிராங்க்குக்கு நல்ல உந்துதல் கிடைக்கும். அதனால் பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஸ்பார்க் விழுந்தாக வேண்டும். எந்த வேகத்தில், எந்தச் சுமையில், எத்தனை டிகிரி முன்னால் என்பதை ஈசியூவுக்குள் இருக்கும் அட்டவணை சொல்கிறது. ஆனால் ஈசியூ பிஸ்டனைப் பார்ப்பதே இல்லை. ஒரு சென்சாரைக் கடந்து போகும் பல்லை மட்டும்தான் அது பார்க்கிறது. அந்தப் பல் கடந்த பிறகு பிஸ்டன் உச்சிக்கு, அதாவது டி.டி.சி.க்கு, வர எத்தனை டிகிரி மீதமிருக்கிறது என்பதை நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். அடிப்படை டைமிங் வைப்பது என்றால் இவ்வளவுதான். திரையில் தெரியும் எண்ணும் சிலிண்டரில் நடப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் வேலை அது. சக்தியைக் கூட்டும் திருகாக அதை நினைப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

இந்த என்ஜினுக்கு மாஸ்டா சொன்ன முறை எளிமையானது. என்ஜின் சூடானதும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டி.ஈ.என்., ஜி.என்.டி. என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைக்க வேண்டும். ஈசியூ தன் இஷ்டத்துக்கு ஸ்பார்க்கை அட்வான்ஸ் செய்வதை, அதாவது முன்னால் தள்ளுவதை, நிறுத்திவிடும். 850 ஆர்.பி.எம். ஐட்லிங்கில் முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் டைமிங் லைட்டை மாட்டி, கிராங்க் புல்லியின் குறி 10 டிகிரியில் நிற்கும்படி கேம் ஆங்கிள் சென்சாரைத் திருப்ப வேண்டும். புது ஈசியூவில் அந்த ஒயரின் வேலையை லேப்டாப்பில் செய்கிறோம்: டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, லைட்டில் 6 தெரிந்தால் பல்லுக்கும் உச்சிக்கும் இடையிலான ட்ரிகர் கோணத்தை 4 டிகிரி திருத்துகிறோம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அது முழுக்கப் புல்லியின் குறியை நம்பி நடக்கும் வேலை. அந்தக் குறி உண்மையைத்தான் சொல்கிறதா? பல என்ஜின்களில் புல்லி ஒரே துண்டு இரும்பு அல்ல. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது. வயதான ரப்பர் விட்டுக்கொடுத்தால் வெளிவளையம் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும், குறியும் கூடவே போகும். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள புல்லியின் விளிம்பில் 1 டிகிரி என்பது வெறும் 1.3 மில்லிமீட்டர்தான். கடையில் வாங்கிய லேசான புல்லியாக இருந்தால் அதன் குறியைத் தனியாகச் சோதிக்காமல் நம்பவே கூடாது.

அப்படியானால் உச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது? பிளக் துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு, அது ஏறி நிற்கும் இடம்தான் டி.டி.சி. என்று குறிப்பது பரவலான வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வழக்கம் எவ்வளவு பலவீனமானது என்று தெரிகிறது. இந்த என்ஜினின் ஸ்ட்ரோக் 83.6 மில்லிமீட்டர். கிராங்க் உச்சியிலிருந்து 1 டிகிரி விலகினால் பிஸ்டன் இறங்குவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 2 டிகிரி விலகினாலும் 0.03 மில்லிமீட்டரை ஒட்டித்தான். தலைமுடியின் தடிமன்கூட இல்லாத இந்த அசைவை ஸ்க்ரூடிரைவரைப் பிடித்த விரல் எப்படி உணரும்? உச்சியில் பிஸ்டன் ஏறக்குறைய நின்றுவிடுகிறது; எந்த இடத்தைத் துல்லியமாக அறிய வேண்டுமோ, அந்த இடத்தில்தான் அது எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. 30 டிகிரி கீழே வந்தால் நிலைமையே வேறு. அங்கே பிஸ்டன் உச்சிக்குச் சுமார் 7 மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நகர்கிறது. உச்சியை ஒட்டிய அந்த முதல் டிகிரியைவிட ஐம்பது மடங்கு தெளிவு! எனவே உச்சியை அறிய உச்சிக்குப் போகவே கூடாது. எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் ஒரு போல்ட்டை முறுக்கி, கிராங்க்கைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் முட்டும்வரை சுற்றிக் குறி போட வேண்டும். மறுபக்கம் முட்டும்வரை திருப்பிச் சுற்றி இன்னொரு குறி. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் உச்சி. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், போல்ட் எவ்வளவு நீளம் என்றுகூடத் தெரிய வேண்டாம். இரு பக்கமும் ஒரே உயரத்தில் தடுத்தால் போதும். இத்தனை எளிய முறை இத்தனை துல்லியத்தைத் தருவது இந்தத் துறையின் அழகுகளில் ஒன்று. ஸ்டார்ட்டர் மோட்டாரால் மட்டும் சுற்றிவிடாதீர்கள். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும்.

மாற்றியமைத்த என்ஜினில் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த மாஸ்டாவில் ஈசியூ நம்பும் சென்சார் கேம் ஷாஃப்ட்டின் பின்முனையில் இருக்கிறது. ஹெட்டை இழைத்தால் கேமுக்கும் கிராங்க்குக்கும் உள்ள தூரம் குறைகிறது, பெல்ட் கேமைச் சற்றே பின்தங்க வைக்கிறது, கூடவே ஸ்பார்க்கும் பின்தங்குகிறது. சென்சார் பூட்டிய கேமில் அட்ஜஸ்டபிள் புல்லி போட்டு, கிராங்க் கணக்கில் 4 டிகிரி முன்னால் தள்ளினால் டைமிங்கும் 4 டிகிரி முன்னால் போய்விடும். வால்வுக்காகச் செய்த வேலையால் என்ஜின் தட்டத் தொடங்கும்போது குற்றம் அட்டவணை மேல் விழுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. திரையில் என்ன எண் இருக்கிறது என்பது என்ஜினுக்குத் தெரியாது. சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி, டார்க் அதிகமாகும் இடத்தையும் தட்டல் தொடங்கும் இடத்தையும் பார்த்துத்தான் அட்டவணையை எழுதுகிறோம். உச்சி என்று நாம் வைத்த பூஜ்யம் 3 டிகிரி தள்ளியிருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். பாதி நியாயம் இதில் உண்டு. முதல் அங்குலம் கிழிந்த டேப்பால் அளந்து, அதே டேப்பால் வெட்டும் தையற்காரரின் சட்டை பொருந்தத்தான் செய்யும். வேறொரு தையற்காரர் எழுதிக் கொடுத்த அளவை அதே டேப்பால் வெட்டினால்தான் சட்டை கெடும். டைனோவுக்குப் போகும்முன் என்ஜினை ஓடவைக்கும் முதல் அட்டவணை பெரும்பாலும் அடுத்தவர் எழுதிய அளவுதானே? டர்போ அழுத்தத்தில் 14 டிகிரி பத்திரம் என்று அதில் எழுதியிருந்து, நம் பூஜ்யம் 5 டிகிரி தள்ளியிருந்தால் சிலிண்டரில் நடப்பது 19. ரிங் உட்காரும் பிஸ்டன் விளிம்பு உடைய அது போதும். தன் டேப்பிலேயே எல்லாம் வெட்டினாலும் பெல்ட் மாற்றுவதற்காகச் சென்சாரைக் கழற்றி மாட்டும் நாளில் டேப்பே மாறிவிடுகிறது. டைனோவில் செலவழித்த பணம் அத்தோடு போயிற்று.

இரண்டாவது மறுப்பு, இந்தக் காரின் ரசிகர்களிடம் பெயர்பெற்ற பழக்கம்: 10-ஐ 14 ஆக்கினால் வண்டி சுறுசுறுப்பாகிறதே? ஆகும். சுமாரான பெட்ரோலுக்கும் இடம்விட்டுத்தான் தொழிற்சாலை அட்டவணை எழுதியது. டர்போ இல்லாத என்ஜினில் நல்ல பெட்ரோல் ஊற்றினால் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் சென்சாரைத் திருப்பினால் அந்த 4 டிகிரி அட்டவணையின் எல்லாக் கட்டங்களிலும் ஏறுகிறது, டர்போ முழுமூச்சாக ஊதும் கட்டத்தையும் சேர்த்து. வேண்டிய கட்டத்தில் மட்டும் கூட்டத்தானே புது ஈசியூ வாங்கினோம்?

ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டியரிங்கின் இடப்பக்கம் ஸ்பார்க்குக்கென்றே ஒரு நெம்புகோல் இருந்தது. அட்வான்ஸ், ரிட்டார்ட் (பின்தள்ளுவது) எல்லாம் ஓட்டுபவரின் கையில். அதை ரிட்டார்ட் பக்கம் தள்ள மறந்துவிட்டு, என்ஜினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுற்றினால் என்ஜின் எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். டைமிங் தப்பு என்பது அன்று உடனே உடம்பில் தெரிந்தது. இன்று அதைக் காட்ட டைமிங் லைட் ஒன்றுதான் இருக்கிறது. அந்த லைட்டிலும் கவனம் வேண்டும். இந்த என்ஜினில் ஒவ்வொரு பிளக்கும் கிராங்க்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறிகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று கணக்கிடும் டயல் லைட், 10 டிகிரியை 20 என்று காட்டும். டயலைப் பூஜ்யத்தில் வைத்துப் புல்லியின் குறியை மட்டும் படியுங்கள்.

ஐட்லிங்கில் 10 வந்ததும் முடிந்தது என்று எழுந்துவிட வேண்டாம். டைமிங் பூட்டியபடியே 4000 ஆர்.பி.எம். வரை உயர்த்திப் பாருங்கள், குறி அசையக் கூடாது. வேகம் கூடக்கூட அது பின்வாங்கினால் மின்சுற்று தாமதிக்கிறது. ஒரு நொடியின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு தாமதம், 6000 ஆர்.பி.எம்.மில் 1.8 டிகிரி. தாமதத்தை ஈடுகட்ட ஈசியூவில் தனி அமைப்பு உண்டு. அதைச் சரிசெய்து மீண்டும் ஐட்லிங்கிலிருந்து பாருங்கள். எல்லாம் முடிந்ததும் பூட்டைத் திறக்க மறக்காதீர்கள். 10 டிகிரியிலேயே சாலைக்குப் போனால் வண்டி சோம்பும், எக்ஸாஸ்டும் டர்போவும் தேவையில்லாமல் கொதிக்கும். அதற்குப் பிறகு திரையில் தெரியும் 14 உண்மையிலேயே 14. அந்த 14-இல் என்ஜின் தட்டுகிறதா என்பதை எப்படிக் கேட்பது, நாக் சென்சாரை பிளாக்கில் எங்கே முறுக்குவது என்பதெல்லாம் அடுத்த வாரம்.