தெற்கத்திப் பாட்டுமேடை – 9: கண்ணில் பட்ட வாத்தியக்காரர்கள்

1964-ஆம் வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 7 அன்று பீட்டில்ஸ் நால்வரும் நியூயார்க்கில் போய் இறங்கினார்கள். அதே மாதம் 27-ஆம் தேதி இங்கே ‘காதலிக்க நேரமில்லை’ வெளியானது. அதற்கு முன்பே பொங்கலுக்குக் ‘கர்ணன்’ வந்துவிட்டது. செப்டம்பரில் ‘புதிய பறவை’, தீபாவளிக்குப் ‘படகோட்டி’. நாலு படத்துக்கும் இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ஒன்றில் இந்துஸ்தானி ராகங்கள், ஒன்றில் கிதாரும் பாங்கோவும், இன்னொன்றில் படகுக்காரன் பாட்டு. ஒரே வருஷத்தில் இத்தனை திசைக்குப் போய்வந்த குழுவை உலகத்தின் எந்தப் பாப் குழுவோடும் தயங்காமல் பக்கத்தில் உட்கார வைப்பேன்.

எங்கள் ஊர் சுந்தரபாண்டியத்தில் அந்தப் பாட்டெல்லாம் தறிச்சத்தத்துக்கு நடுவில்தான் காதில் விழும். நாடா ஓடுகிற சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று ரேடியோவை முழுசாகத் திருகி வைத்திருப்பார்கள். இலங்கை வானொலியில் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். அதோடு முடிந்தது. அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி, கிதார் பிலிப்ஸ், புல்லாங்குழல் நஞ்சப்பா, டிரம்ஸ் நோயல் கிராண்ட், தபலா பிரசாத் என்ற பெயர்களெல்லாம் எங்கள் ஊருக்கு வந்து சேர முப்பது, நாற்பது வருஷம் ஆகிவிட்டது. பாட்டை அசைபோடும்போது முதலில் ஞாபகம் வருவது பல நேரம் பல்லவிகூட இல்லை, அதற்கு முன்னால் வருகிற வாத்தியம்தான். அதை வாசித்தவருக்கு எங்கள் மனசில் முகமும் இல்லை, பெயரும் இல்லை.

ராமமூர்த்தி திருச்சிக்காரர், வயலின். விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கம் பிறந்தவர், ஆர்மோனியம். இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் 1952-இல் இறந்தபோது அவர் பாதியில் விட்ட வேலைகளை முடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள். அந்த வருஷமே என்.எஸ்.கிருஷ்ணனின் ‘பணம்’ படத்தில் ஜோடியாக அறிமுகமானார்கள். 1963-இல் திருவல்லிக்கேணியில் நடந்த விழாவில் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டம் கிடைத்தது. 1965-இல், ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தார்கள். முப்பது வருஷம் கழித்து 1995-இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். 2012 ஆகஸ்ட் 29 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் இருவருக்கும் ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ பட்டம் கொடுத்தார்கள். அப்போது ராமமூர்த்திக்குத் தொண்ணூறு வயது. அடுத்த ஏப்ரலில் அவர் போனார். 2015 ஜூலையில் விஸ்வநாதனும் போனார்.

மேற்கே வாத்தியக்காரர்களின் கதை வேறு மாதிரி. 1962-இல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன்ஸ், மிக் ஜாகர் எண்பதைத் தாண்டிய பிறகும் 2024-இல் ஊர் ஊராக மேடை ஏறியது. பாட்டை எழுதியவன், வாசித்தவன், பாடியவன் எல்லாம் ரசிகனுக்கு எதிரிலேயே நிற்பார்கள். நம் பாட்டுக்கு முகம் கொடுத்தது எம்.ஜி.ஆரும் சிவாஜியும். வாசித்த குழு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய பாட்டு தெருமேடைக்கு வராமல் இல்லை. அதைக் கொண்டுவந்தவர்கள் எங்கள் ஊர் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள்.

போன பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் ஊர் மேடையில் அப்படி ஒரு பழைய குழு வாசித்தது. அறுபதுகளின் கடைசியில் சேர்ந்தவர்கள். ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் பார்த்தவர்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், எங்கள் ஊர் நெசவாளி ஒருவர். ஒருகாலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் என்று இந்த வட்டாரத்தில் பொங்கல் சாட்டிய இடமெல்லாம் இவர்கள் கச்சேரிதான். நடுவில் எத்தனையோ வருஷம் மேடை ஏறவில்லை. சின்னப் பையனாக மணலில் உட்கார்ந்து அவர்களைக் கேட்டபோது முன்னால் இருந்த பெரியவர்களின் முதுகுதான் எனக்குத் தெரியும். இந்தத் தடவை மேடைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அக்கார்டியன்காரருக்கு அதை மாட்டிக்கொண்டு நிற்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்து, தொடையில் வைத்துக்கொண்டு வாசித்தார். துருத்தியில் இரண்டு மடிப்பில் ரெக்ஸின் ஒட்டுப் போட்டிருந்தது. காற்றை இழுக்கும்போது மெல்லிய சீறல் ஒன்று கூடவே வரும். வலதுகை கட்டையில் ஓட, இடதுகை பொத்தான்களைத் தடவித் தடவி அழுத்தியது. பாங்கோக்காரர் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தோலை போக்கஸ் லைட்டுக்கு நேராகக் காட்டிச் சூடேற்றினார். பனி இறங்கினால் தோல் தொய்ந்துவிடும். முந்தியெல்லாம் மேடைக்குப் பின்னால் காகிதத்தைக் கொளுத்திக் காட்டுவார்களாம்.

டி.எம்.எஸ். பாட்டுப் பாடுகிறவரிடம் சுருதி பற்றிக் கேட்டேன். “அந்தக் காலத்துல நாலு கட்டை, தம்பி. இப்ப ரெண்டரைக்கு இறங்கியாச்சு. பாட்டு ஒண்ணும் கோவிச்சுக்கிடாது” என்றார். குரல் தடித்து, கரகரத்து, மேல்ஸ்தாயியில் இலேசாக ஆடியது. இசைத்தட்டைப் போலவே இருக்க வேண்டும் என்று வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்தது. அந்தப் பாட்டோடு ஐம்பது வருஷம் வாழ்ந்த ஒரு தொண்டை அது.

வாத்தியார் அந்த நாளில் சுசீலா குரலில் பாடுவார். பெண்கள் மேடை ஏறத் தயங்கிய காலம், குழுவுக்கு ஒரு ஆள் இப்படித் தேவைப்பட்டது. பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜனின் குழுவிலும் தம்பி இளையராஜா சிறுவயதில் பெண் குரலில்தான் பாடினார், குரல் உடையும்வரைக்கும். எங்கள் வாத்தியார் இப்போது அதை விட்டுவிட்டார். அவர் இடத்தில் நர்ஸிங் படிக்கிற அவருடைய பேத்தி பாடினாள். தாத்தா பக்கத்தில் நின்று, அவள் மூச்சு எடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் விரலைச் சற்றுத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு பாட்டில் இரண்டாம் சரணம் டி.எம்.எஸ்.காரருக்கு மறந்துபோனது. வாய் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அக்கார்டியன்காரர் தலை நிமிரவே இல்லை. முடித்த இடையிசையை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். பாங்கோ அரைத்தாளம்கூடத் தவறாமல் அதோடு சேர்ந்துகொண்டது. வயலின்காரர் வில்லை வைத்தபடியே உதட்டை அசைத்து முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். சரணம் வந்துவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு எதுவும் தெரியாது.

அறுபதுகளில் சினிமாப் பாட்டையும் இப்படித்தான் எடுத்தார்கள். பாடகரும் மொத்த வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே மூச்சில். ஒருவர் பிசகினால் எல்லாரும் மறுபடி தொடக்கத்திலிருந்து வர வேண்டும். இன்று போலத் தனித்தனியாகப் பதிந்து ஒட்டுகிற வசதி கிடையாது. அடுத்தவன் கண்ணைப் பார்த்து வாசிக்கிற அந்தப் பழக்கம் இசைத்தட்டுக்குள் ஒளிந்தே கிடக்கிறது. நேரில், அதுவும் ஒருவருக்கொருவர் ஐம்பது வருஷம் பழகிய ஆட்கள் வாசிக்கும்போதுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி கூடத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்கு ஓரளவு பிடிபட்டது.

பத்து மணிக்குப் போலீஸ்காரர் கையைக் காட்டியதும் நிறுத்தினார்கள். வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த பாங்கோக்காரரிடம் பொங்கல் நோட்டீஸைக் காட்டினேன். ‘இன்னிசைக் கச்சேரி’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே உபயதாரர் பெயர் பெரிய எழுத்தில். “எந்த வருசந்தான் எங்க பேரைப் போட்டாங்க?” என்று சொல்லிவிட்டு வயரை மூட்டை கட்டினார்.

விழாக் கமிட்டியிடம் பேசியிருக்கிறேன். அடுத்த நோட்டீஸில் குழுவில் உள்ள எல்லார் பெயரும், அவரவர் வாத்தியத்தோடு அச்சாகும் என்று சம்மதித்திருக்கிறார்கள். பெயர்களை எழுதி வாங்க வாத்தியார் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

(தொடரும்)