சங்கு இருக்க புட்டி எதற்கு?

வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்க நெருங்க, மும்பையின் தமிழ் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: ‘குழந்தைக்குப் புட்டி பழக்கியாச்சா?’ செம்பூரிலிருந்து ஹார்பர் ரயிலில் தொங்கிக்கொண்டு அலுவலகம் போகும் பெண்ணிடம் மாமியார் கேட்கிறார். தாராவியிலிருந்து மாட்டுங்கா அடுக்குமாடி வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கப் போகும் பெண்ணிடம் பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் கணக்கு வேறு. 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. அதாவது ஆறு மாதம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்லி மருத்துவர்கள் வற்புறுத்தும் காலமும் அதே ஆறு மாதம்தான். விடுப்பு முடியும்போது குழந்தை கூழும் மசித்த பருப்பு சாதமும் சாப்பிடத் தொடங்கிவிடும். டம்ளரிலும் குடிக்கப் பழகிவிடும். புட்டிக்கு அங்கே வேலையே இல்லை. வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கோ இந்தச் சட்டத்தால் பயனில்லை. எத்தனை நாள் போகாமலிருந்தால் அந்த வீட்டில் வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்பதுதான் அவளுடைய விடுப்புக் கணக்கு. நாற்பது நாளோ, இரண்டு மாதமோ.

புட்டியால் அதிக ஆபத்தும் அவள் குழந்தைக்குத்தான். தாராவியில் குழாய்த் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். மீதி நேரத்துக்கு டிரம்மில் பிடித்து வைத்ததுதான். நிப்பிளின் உள்மடிப்பிலும் புட்டியின் கழுத்திலும் ஒட்டிக்கொள்ளும் பால் படலத்தை அந்தத் தண்ணீரில் அலசி எடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கொதிக்க வைக்க வேண்டும். கேஸ் விலை தெரிந்தவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை கொதிக்க வைப்பார்கள்? பவுடர் டப்பா நான்கு நாள் கூடுதலாக வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவதும் நடக்கிறது. வயிற்றுப்போக்குக்கும் எடைக் குறைவுக்கும் இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

தாராவிக்கு அருகிலேயே இருக்கும் சயான் மருத்துவமனைக்கு (முழுப் பெயர் லோகமான்ய திலக் மாநகராட்சி பொது மருத்துவமனை) இது பழைய பாடம். அங்கு பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றிய டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தாயிடம் பால் இல்லையென்றால், வேறு தாய்மார்கள் கொடுத்த பாலைப் பதப்படுத்திக் கொடுப்பது என்ற ஏற்பாடு. 1992-இல் வந்த சட்டம் பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையும், தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் தடை செய்தது. 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. புட்டி விற்பது குற்றமல்ல. ஆசை காட்டி விற்பதுதான் குற்றம்.

சரி, தாய் வெளியே போயிருக்கும் எட்டு மணி நேரம்? விடை நம் பாட்டிகளின் பரணில் கிடக்கிறது. சங்கு, அல்லது பாலடை. (பாலாடை என்றால் பாலின் மேல் படியும் ஏடும்கூட, பேச்சில் இரண்டும் கலந்துவிட்டன.) ஆங்கில மருத்துவக் கட்டுரைகள் இந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. மொழிபெயர்ப்பே தொழிலாகிப்போன என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம். 1999-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் சங்கு, கிண்ணம், புட்டி மூன்றையும் ஒப்பிட்டார்கள். சிசுக்கள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தது சங்கில்தான். 2007-இல் பிரிட்டனில் குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: பால் சிந்துகிறது, நேரம் பிடிக்கிறது. ஊட்டுகிற கையின் பழக்கமும் இதில் சேர்த்தி என்று தோன்றுகிறது.

ஸ்டீல் சங்கில் மடிப்பு இல்லை, நிப்பிள் இல்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொதிநீரில் போட்டு எடுத்தால் தீர்ந்தது. ஆனால் பாட்டிகளின் முறை முழுவதையும் ஏற்க முடியாது. குழந்தையைக் காலில் மல்லாக்கப் போட்டு, கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து ஊற்றுவது, அதே சங்கில் விளக்கெண்ணெய் புகட்டுவது, இரண்டும் ஆபத்து. பாலோ எண்ணெயோ நுரையீரலுக்குள் போய்விடலாம். குழந்தையைப் பாதி உட்கார்ந்த நிலையில் அணைத்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்துச் சிறிது சாய்க்க வேண்டும். அது விழுங்கிய பிறகே அடுத்த வாய்.

பழக்குவதை வேலைக்குப் போகும் முந்தைய நாள் தொடங்கக் கூடாது. இரண்டு வாரமாவது வேண்டும். முதலில் நாளுக்கு ஒரு வேளை. பசியில் வீறிடும் குழந்தை புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது. லேசாகப் பசிக்கும் நேரமே சரி. ஊட்டுவது தாயாக இருக்கக் கூடாது. அம்மாவின் வாசனை மூக்கில் பட்டால் குழந்தை சங்கை ஏன் தொடப்போகிறது? பாட்டியோ அப்பாவோ ஊட்ட, தாய் கடைக்குப் போய்வரலாம். மறுத்தால் திணிக்காமல் அரை மணி கழித்து மறுபடி. புட்டிதான் என்று முடிவு செய்தவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். நிப்பிளின் துளை சிறியதாக இருக்கட்டும், புட்டியை ஏறக்குறையக் கிடையாகப் பிடித்து நடுநடுவே நிறுத்துங்கள். இழுக்காமலே பால் கொட்டும் சுகம் பழகிவிட்டால், முலையில் உழைத்துக் குடிக்கக் குழந்தை சோம்பல்படும்.

உள்ளே ஊற்றுவது பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலாகவே இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கையைக் கழுவிக்கொண்டு, கொதிக்க வைத்த பாத்திரத்தில் எடுத்து மூடி வைத்தால் 25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். ஃப்ரிட்ஜில் நான்கு நாள். மே மாத மும்பையில் தகரக் கூரைக்கு அடியில் 25 டிகிரி ஏது? ஃப்ரிட்ஜ் உள்ள பக்கத்து வீடு அங்கே பெரிய உதவி. கொடுக்கும்போது பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்ற வேண்டும். அடுப்பில் வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பவுடர்தான் கதி என்றால் மருத்துவரைக் கேட்டு, டப்பாவில் உள்ள அளவு ஸ்பூன் சொல்கிறபடியே கலக்க வேண்டும். பவுடர் கிருமியற்றது அல்ல என்பதால், கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கலந்து, பிறகு ஆற வைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வேலை இடத்திலும் மூன்று மணிக்கு ஒரு முறை பாலை எடுத்துவிடாவிட்டால் மார்பில் கட்டிக்கொள்ளும், ஊறுவதும் குறையும். 2017 திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. அது இல்லாத அலுவலகத்தில் கதவு தாழிடும் ஓர் அறையாவது கிடைக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. பாத்திரம் துலக்கப் போகிற வீடுகளில், அந்த வீட்டு அம்மாள்தான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்ளப் பத்து நிமிடம் தர வேண்டும்.

சில குழந்தைகள் பகலில் நாலு வாய்தான் குடித்து, அம்மா வந்ததும் இரவெல்லாம் விடாமல் குடிக்கும். சிறுநீர் வழக்கம்போலப் போய், எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பயமில்லை. அம்மாவின் தூக்கம்தான் போகும். அந்த வீடுகளில் காலை அடுப்பை வேறு யாராவது பற்றவைத்தால், ஆறு மணி வரையாவது அவள் படுத்திருக்கலாம்.