அண்ணாச்சி, அக்கவுன்ட்ல எழுதிக்கோங்க!

மாசம் பொறந்தா உங்க வீட்டுல மளிகை லிஸ்ட் எழுதுறது யாரு? 'து.பருப்பு 2 கிலோ, க.பருப்பு அரை கிலோ, சீரகம் 100, பெருங்காயம் 1'னு அம்மா சொல்லச் சொல்ல, கிழிச்ச காலண்டர் தாளோட பின்பக்கத்தில் எழுதின அனுபவம் இருக்கா? இருந்தா கை குடுங்க பாஸ்... அநேகமா நீங்கதான் கடைசி செட்!

அந்த லிஸ்ட் போய்ச் சேர்ற இடம், தெருமுனை 'டிபார்ட்மென்டல் ஸ்டோர்'. அமெரிக்காவில் இந்தப் பேரைச் சொன்னா, சட்டையிலிருந்து வாஷிங் மெஷின் வரை விக்கிற பல மாடிக் கடையைக் காட்டுவாங்க. (அங்கே கொடிகட்டிப் பறந்த சியர்ஸ், 2018-ல் திவால் மனு போட்டது தனிக்கதை!) நம்ம ஊரு அகராதியே வேற. ஒரு கண்ணாடிக் கதவு, நாலு வரிசை ரேக், கையில் பிளாஸ்டிக் கூடை, 'நீங்களே எடுத்துக்கலாம்'... முடிஞ்சுது. அண்ணாச்சியின் மளிகைக் கடைக்கு புரமோஷன்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இந்தக் கடைகளுக்கு உயிர்நாடியே சம்பளத் தேதிதான். ஆவடியில் 1961-ல் டாங்க் ஃபேக்டரி வந்தது. 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட் தொடங்கியது. சுற்றிலும் குடியேறினவங்க மாசச் சம்பளக்காரங்க. மாசச் சம்பளம்னா மாச லிஸ்ட். மாசக் கடைசியில் கை காய்ஞ்சா, அக்கவுன்ட் நோட்டு. லிஸ்ட்டை போனில் சொன்னாலே டி.வி.எஸ். 50-ல் சாமான் வீட்டு வாசலுக்கு வந்துடும். ஆக, டோர் டெலிவரி ஒண்ணும் ஆப் கண்டுபிடிச்ச அதிசயம் இல்ல!

'பெரிய கம்பெனி வந்தா சின்னக் கடை காலி'ங்கிற பயமும் புதுசு இல்ல. 1996-ல் ஆர்.ஏ.புரத்தில் 'ஃபுட்வேர்ல்ட்' சூப்பர் மார்க்கெட் வந்தது. 1997-ல் திருவான்மியூரில் 'சுபிக்ஷா' பிறந்தது. ஏ.சி. கிடையாது, அலங்காரம் கிடையாது, ஆனா எம்.ஆர்.பி.யை விட விலை கம்மி. ஃபார்முலா பிச்சுக்கிட்டுப் போக, நாடு முழுக்க சுமார் 1,600 கிளைகள். வளர்ந்ததெல்லாம் கடன்ல. 2008 கடைசியில் கையில் பணம் வத்திப்போச்சு. ஊழியர்களுக்குச் சம்பளம் இல்ல, ரேக்கில் சரக்கு இல்ல. 2009-ல் ஷட்டர் இறங்கிடுச்சு. முதல் ரவுண்டில் விழுந்தது அண்ணாச்சி இல்லீங்க, பெரியவர்தான்!

ரெண்டாவது ரவுண்டுதான் சிக்கல். இப்ப அடி ரெண்டு பக்கமும் விழுது.

ஒரு பக்கம், மாச லிஸ்ட். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட பாடி சரவணா ஸ்டோர்ஸ் மாதிரி பெரிய கடைக்குப் போனா துணி, பாத்திரம், மளிகை எல்லாம் ஒரே கட்டடத்தில். மொத்தமா வாங்குறவன் குடுக்கிற தள்ளுபடியை, தெருமுனைக் கடையால் குடுக்க முடியாது.

இன்னொரு பக்கம், 'டேய், ஓடிப்போய் ஒரு பாக்கெட் உப்பு வாங்கிட்டு வா' அயிட்டங்கள். 2016-ல் யு.பி.ஐ. வந்தது. 2020 லாக்டவுன்ல எல்லாரும் ஆன்லைன் பழகினோம். அதே வருஷம் ஸ்விக்கி 'இன்ஸ்டாமார்ட்' ஆரம்பிச்சது. 2021 கடைசியில் 'குரோஃபர்ஸ்' பேரை மாத்தி 'பிளிங்கிட்' ஆச்சு. இதுக்குப் பின்னாடி இருக்கிறது 'டார்க் ஸ்டோர்'. பயப்படாதீங்க, பேய்ப் படம் இல்ல... வாடிக்கையாளர் உள்ளே நுழைய முடியாத கடை, அவ்வளவுதான். எந்தச் சாமான் எந்த ரேக்கில்னு கம்ப்யூட்டர் சொல்லும், ஒருத்தர் எடுத்துப் பையில் போடுவார், இன்னொருத்தர் பைக்கில் பறப்பார். ரெண்டு மூணு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ள டெலிவரிங்கிறதாலதான் சில நிமிஷத்தில் காலிங் பெல் அடிக்குது.

நடுவில் மாட்டினது டிபார்ட்மென்டல் ஸ்டோர். பெட்டிக்கடைக்குப் பெரிய செலவில்ல. மாவு, காய்கறி, பால்னு சமாளிச்சுடும். இவங்களுக்கோ கடை வாடகை, ஏ.சி. கரன்ட் பில், அஞ்சாறு பேருக்குச் சம்பளம். ஒரு வருஷத்தில் நாடு முழுக்க சுமார் 2 லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதா, 2024 அக்டோபரில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு சொன்னது. அது பாதிக்கப்பட்ட தரப்பின் மதிப்பீடுங்கிறதையும் சேர்த்தே படிங்க.

'சரி மச்சி, வசதியா இருக்கு, வாங்குறோம். இதில் என்ன தப்பு?' ஒண்ணும் இல்ல. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற அக்காவுக்கும், மாடிப்படி இறங்க முடியாத தாத்தாவுக்கும் ஆப் வரப்பிரசாதம்தான். ஆனா கடையோட சேர்ந்து காணாமப் போறது ரெண்டு. ஒண்ணு, பில் போடுற அக்காவின் வேலை. வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்து போய்ப் பார்க்கிற வேலை அது. டெலிவரி பைக் ஓட்டுற வேலை அவங்களுக்கு அப்படியே மாத்தாகிடாது. ரெண்டாவது, அந்த அக்கவுன்ட் நோட்டு. எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவருக்குச் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனா, அண்ணாச்சி பான் கார்டு கேட்க மாட்டார். முகத்தைப் பார்ப்பார், எழுதிப்பார். வட்டியும் கிடையாது. ஆப்களின் 'பே லேட்டர்' பான் கார்டு கேட்கும், உங்க பழைய கடன் கணக்கைத் தோண்டும், தேதி தப்பினா அபராதம் போடும்.

இந்த வாரம் ஒரு சின்ன லேப் எக்ஸ்பெரிமென்ட் பண்ணுங்க. ஆப் பில்லை முழுசா விரிச்சு, டெலிவரி, ஹேண்ட்லிங், சின்ன ஆர்டருக்கான கட்டணம்னு ஒவ்வொரு வரியையும் கூட்டுங்க. அதே சாமானைத் தெருமுனைக் கடையில் விசாரிங்க. கொசுறா வர்ற கறிவேப்பிலையையும் கணக்கில் சேருங்க. எது ஜெயிக்குதோ அங்கேயே வாங்குங்க.

ஒண்ணு மட்டும். கையில் காசு இருக்கிற முதல் வாரம் ஆப், காசு இல்லாத கடைசி வாரம் அண்ணாச்சின்னா, அந்தக் கடை எப்படி மக்கா ஓடும்?