ஷிஃப்டுக்குத் தோதான கூட்டம்

வடசென்னையில் பேசின் பிரிட்ஜ் ரயில் பெட்டிப் பணிமனை, துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள், எண்ணூர், மணலி ஆலைகள் என்று வேலை பார்ப்பவர் ஒருவர் குடியை விட முடிவெடுத்தால், முதலில் இடிப்பது நேரம்தான். ஏ.ஏ. என்கிற ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில் நடக்கும். இரண்டாம் ஷிஃப்டும் அப்போதுதான். டாஸ்மாக் கடையோ பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 வரை காத்திருக்கிறது. அதனால் எது நல்ல கூட்டம் என்று விசாரிப்பதைவிட, எந்தக் கூட்டத்துக்கு வாரம் தவறாமல் போய்வர முடியும் என்று பார்ப்பதே மேல்.

முதலில் டாக்டர்

பல வருடம் தினமும் குடித்தவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. சில மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது, வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்பார்கள். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டாம். உயிருக்கே உலை வைக்கும் நிலை அது. ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும். மருந்தோடு பி1 வைட்டமின் ஊசியும் போட்டுச் சரிசெய்வார்கள். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் பக்கம்.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்றது. மற்ற 37 பேருக்கும் அறிவுரை மட்டும் தாராளமாகக் கிடைத்திருக்கும்.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டரும் ஒருவர் குடியை ஒருவர் பேசித் தணித்ததில் பிறந்தது ஏ.ஏ. இந்தியாவுக்கு 1957இல் வந்தது. கட்டணம் கிடையாது, செலவுக்கு உறுப்பினர்களே விருப்பப்பட்டதைப் போடுவார்கள். குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி.

போனால், நாலு வரிசை நாற்காலி. டீ இருக்கும். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்குவார். மனைவியின் தாலியை அடகு வைத்தது, வேலை போனது, காலையில் கை நடுங்காமல் இருக்க ஒரு கட்டிங் தேடி அலைந்தது எல்லாம் வரும். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். புதிதாக வந்தவர் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். வெளியில் யார் பெயரையும் சொல்லக்கூடாது என்பது கட்டுப்பாடு.

தேவாலய வளாகத்தில் நடந்தால் மதப் பிரசாரம் என்று நினைக்க வேண்டாம். இடம் மட்டும்தான் தேவாலயத்துடையது. ‘மேலான சக்தி’ என்ற பேச்சு வரும். அது எது என்பதை அவரவரே முடிவுசெய்துகொள்ளலாம்.

பலன் உண்டா? 27 ஆய்வுகளை அலசி 2020இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, ஏ.ஏ. வழியோடு இணைத்துச் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்தும் குடிக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 பேர். அதிசயமில்லை, ஆனால் இலவசமாகக் கிடைக்கிற ஒன்றுக்கு இது பெரிய எண்தான்.

எப்படித் தேடுவது?

14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு எண்ணில் கேளுங்கள். மனம் கலங்கினால் 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் எடுப்பார்கள். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமும் விவரம் இருக்கும். ‘திறந்த’ கூட்டமா ‘மூடிய’ கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; மூடியதில் குடிநோயாளிகளுக்கு மட்டுமே இடம், திறந்ததில் வீட்டார் கூட வரலாம்.

தெருக்காரர் பார்த்துவிடுவார் என்ற கூச்சம் நியாயமானதே. அதற்கும் வழியுண்டு. பேசின் பிரிட்ஜில் பாதை பிரிகிறது: ஒன்று பெரம்பூர், ஆவடி பக்கம், மற்றது தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம். வீடு ஒரு பக்கம் என்றால் கூட்டத்தை மறுபக்கம் வைத்துக்கொள்ளலாம். போகிற வழியில் பழகிய கடை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இன்னொரு வழியில் போங்கள், வேறு வழி இல்லையென்றால் இன்னொரு கூட்டம். சம்பளம் போடும் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு ஒரு கூட்டம் கிடைத்தால் விடாதீர்கள்.

ஷிஃப்ட் மாறும் வாரத்தில் ஆன்லைன் கூட்டம் கைகொடுக்கும். ஆனால் அதுவே போதும் என்று நான் சொல்லமாட்டேன். கூட்டம் முடிந்து டீயோடு நிற்கிற பத்து நிமிடத்தில்தான் துணை நின்று வழிகாட்டும் ‘ஸ்பான்சர்’ ஆகக்கூடிய மூத்தவர் ஒருவரின் போன் நம்பர் கிடைக்கும். முதல் கூட்டம் ஒட்டவில்லையா? நாலைந்து கூட்டம் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கணவரை 1979இல் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், மறுவருடமே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சென்னையில் தொடங்கினார். இந்திரா நகரில் இருக்கும் அதன் மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் தனிப் பயிற்சி உண்டு. ஏ.ஏ.வின் உடன்பிறப்பான ‘அல்-அனான்’ குடிநோயாளியின் வீட்டாருக்காகவே 1951இல் உருவானது. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று வரும் விளம்பர மருந்தை மட்டும் வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் இருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மாத்திரையை அவருடைய சம்மதத்தோடு டாக்டர்தான் எழுதித் தரவேண்டும்.